வெள்ளைத் துணிக்கு அடித்த மணி

நம் வயதுக்காரர்கள் முதல் காதலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உடனே மழை வந்துவிடுகிறது. மழை இல்லாவிட்டால் மல்லிகைப் பூ. உங்களுக்கெல்லாம் அப்படி வாய்த்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. என் நினைவில் இருப்பது கரி. ஊதினால் பறக்காது. விரலால் துடைத்தால் எண்ணெய் மாதிரி நீளமாக இழுபடும். கும்மிடிப்பூண்டிக் கரி.

எனக்குப் பதினைந்து முடிந்திருந்த ஒரு பங்குனிக் கடைசியில் நாங்கள் புதுக்கோட்டையை விட்டு அங்கே போனோம். அப்பாவுக்கு ஓர் இரும்பாலையில் டைம் ஆபீஸ் வேலை. யார் எப்போது உள்ளே போகிறார்கள், யார் எப்போது வெளியே வருகிறார்கள், பையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அம்மா சொல்வாள். அப்பா அந்த வேலையை வீட்டுக்கும் கொண்டுவருவார். பால்காரர் அளக்கும்போது அருகில் போய் நிற்பார். தபால் வந்தால் உறையில் பசை ஒட்டிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார். நான் பின்னாளில் செய்தியாளராகப் பல வருஷம் தாக்குப்பிடித்தேன் என்றால் அந்தக் கண் அவர் கொடுத்தது. அதே கண்ணால் அவரையும் பார்க்க வேண்டிவரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

ஆலைக்குக் கிழக்கே ஒரு தெருவில் மாடி வீடு பிடித்தோம். குடிபோன அன்றே அப்பா மொட்டை மாடியில் மஞ்சள் நைலான் கயிறு ஒன்றைத் துணி காயப்போடக் கட்டினார். அம்மாவுக்கு வெள்ளைத் துணி என்றால் ஒரு வெறி. அப்பாவின் சட்டை, வேட்டி, தலையணை உறை எல்லாவற்றையும் நீலம் போட்டு அலசி, கஞ்சி போட்டு, உதறிக் கொடுப்பாள். கொடியில் போடுவது என் வேலை.

முதல் வாரத்தில் ஒரு காலை துணிகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே தெருவில் சைக்கிளில் போன ஒரு பையன் காலை ஊன்றி நின்றான். என்னைவிட ஒரு வயது மூத்தவனாக இருக்கலாம். ஹேண்டிலில் நீலத் துணிப்பையில் ஒரு சாப்பாட்டுக் கேரியர் தொங்கியது.

"ஏங்க, துணிய எடுத்துடுங்க. இப்போ கொட்டுவாங்க."

நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். புது ஊர். தெருவில் நின்று மாடியைப் பார்த்துப் பேசும் பையனைப் பற்றி எங்கள் ஊரில் என்ன நினைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்களோ அதையே நினைத்தேன். துணியைக் காரணம் காட்டிப் பேச்சுக் கொடுக்கிறான். இன்று துணி, நாளைக்குப் பெயர் கேட்பான்.

அவன் போன சற்று நேரத்தில் ஆலையின் தகரக் கூரைக்கு மேல் கறுப்பாக ஒன்று எழுந்து, மெதுவாகச் சாய்ந்து, எங்கள் தெருவைப் பார்த்து வந்தது. அம்மா மேலே ஏறி வந்தபோது அப்பாவின் சட்டைகளில் மிளகைத் தூவினாற்போல் புள்ளிகள். துடைக்கத் துடைக்கக் கோடுகள்.

பழைய இரும்பை உருக்கும் ஆலை அது. உடைத்த வண்டிகள், எண்ணெய் டின்கள், பெயிண்ட் உரியாத தகடுகள் என்று எதுவும் வரும். அதை உலையில் கொட்டும்போதுதான் கரும்புகை. கரியைப் பிடித்து வைக்க ஒரு இயந்திரம் இருந்தது. கரண்ட் அதிகம் தின்கிறது என்று அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். காலையில் காற்று மேற்கிலிருந்து வரும், கரி எங்களுக்கு. மதியத்துக்கு மேல் கடல் காற்று திரும்பும், கரி மேற்கே வயல்களுக்கு. இந்தப் பங்கீடு அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எங்களைத் தவிர.

அதற்குப் பிறகு அந்தப் பையன் பேசவில்லை. கேரியரோடு ஆலைப் பக்கமிருந்து திரும்பும்போது எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு தரம் மணி அடிப்பான். அந்த மணியின் மூடி விரிந்திருந்தது. மற்ற சைக்கிள்கள் கிணிகிணி என்றால் அது மட்டும் 'டொணக்' என்று ஒரே அடியாக விழும். அது கேட்டதும் நான் ஓடிப்போய்த் துணிகளை வாரி எடுப்பேன். புகை வரும். அடங்கியதும் மறுபடி கொண்டுபோய்ப் போடுவேன்.

அவனுக்கு எப்படித் தெரிகிறது? மாயம் ஒன்றுமில்லை. அவனுடைய அப்பா அந்த உலையில் இரும்பு கொட்டுபவர். அனல் பக்கம் போகும் முன் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள்வது உலைக்காரர்களின் வழக்கம். அடுத்த சரக்கைக் கொட்டுவதற்குச் சற்று முன் கேட்டுக்கு வந்து நாஷ்டாவை முடித்துக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்ததால் மகன் கேரியர் கொண்டுபோனான். காலிக் கேரியர் திரும்புகிறது என்றால் பின்னாலேயே புகை வருகிறது என்று அர்த்தம்.

எதிர் மாடி வீட்டுப் பெண்மணிதான் முதலில் கவனித்தவர். அவர் கணவர் அதே ஆலையில் கணக்கர்.

"இன்னாம்மா, உங்க ஊட்டு துணி மட்டும் பால் மாறி கீது? புகை உங்க ஊட்டாண்ட வந்தா வணக்கம் சொல்லிட்டுத் திரும்பிப் பூடுதா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மாவுக்குப் பெருமை. "நீலம் போடுற கைராசிக்கா" என்றாள்.

"நானும் நீலம் போட்டு, கரியால வெள்ளயே வுட்டவதான். எனக்கு இன்னா கை குஷ்டமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் மறுநாள் காலை அவர் காயப்போட ஒன்றும் இல்லாமலே தம் மாடியில் நின்று எங்கள் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் சந்தேகம் வேறு. அவன் எல்லா வீட்டுக்கும் அடிக்கிறானா, எங்கள் வீட்டுக்கு மட்டுமா? படிக்கட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். தெரு முனையிலிருந்து எங்கள் வாசல் வரை அவன் கை மணிப்பக்கம் போகவில்லை. எங்களைத் தாண்டிய பிறகும் அடிக்கவில்லை. இதை எழுதும்போது என் கழுத்தில் லேசாகச் சூடு ஏறுகிறது. இந்த வயதில். நீங்கள் சிரிக்கலாம்.

ஒருநாள் அவன் சைக்கிள் செயின் எங்கள் வீட்டெதிரிலேயே கழன்றது. கழன்றதா, கழற்றினானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. நான் குப்பை வாளியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வாளியில் குப்பை இல்லை என்பதும் உண்மை.

"எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் மணி அடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அவன் நிமிரவில்லை. விரலெல்லாம் கிரீஸ். "மத்தவங்க யாரும் வெள்ளத் துணி காயப்போடறதில்லீங்க. காலைல எல்லாம் கலருதான் போடுவாங்க. கரி வுழுந்தா தெரியாது."

"அவ்வளவுதானா?"

"வேற இன்னா?" என்றான். பிறகு, "எங்க நைனா சட்டையும் ஒருகாலத்துல வெள்ளதான்" என்றான். செயின் மாட்டிக்கொண்டது. போய்விட்டான்.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. தெரு முழுக்கக் கருநீலம், பழுப்பு, பச்சை. எங்கள் வீடு மட்டும் வெள்ளை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்படியானால் அவன் மணி அடித்தது அப்பாவின் வேட்டிக்குத்தானா?

மறுநாள் நான் ஒரு சோதனை செய்தேன். வெள்ளைத் துணி முழுவதையும் வீட்டுக்குள் வைத்துவிட்டு, கொடியில் என் மெரூன் பாவாடை, அம்மாவின் கறுப்பு வாயில் புடவை, ஒரு பழைய ஜமக்காளம், இவற்றை மட்டும் போட்டேன். கைப்பிடிச் சுவருக்கு மேலே தெருவிலிருந்து நன்றாகத் தெரியும்படி. பிறகு உட்கார்ந்து காத்திருந்தேன். சைக்கிள் வந்தது. வேகம் குறைந்தது. அவன் தலை நிமிர்ந்து கொடியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தான்.

டொணக்.

நான் துணியை எடுக்கவில்லை. புகை வந்து என்மேல் படிந்தது. அம்மா மேலே வந்து, "ஏன்டி, பிரமை பிடிச்சாப்ல நிக்கிற? மூஞ்சியெல்லாம் பாரு" என்று முந்தானையால் துடைத்தாள்.

என் காதலில் நடந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு சொல்லோ, ஒரு தொடுகையோ கிடையாது. ஆனால் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாகத் தீர்ந்த சந்தேகம் வேறு இல்லை.

சித்திரையில் ஆலைக்குள் வேறொரு சந்தேகம் தொடங்கியது. புகையைச் சோதிக்கும் அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். முன்பெல்லாம் அவர்கள் வரும் செய்தி முதலிலேயே வந்துவிடும், இயந்திரம் ஓட ஆரம்பித்துவிடும். இந்தத் தடவை சொல்லாமல் வந்தார்கள். அதுவும் சரியாக இரும்பு கொட்டும் நேரத்தில். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த முறை வந்தபோது உலையை மூட உத்தரவு போடுவோம் என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள். உள்ளே இருந்து எவனோ நேரம் சொல்கிறான் என்று முதலாளி முடிவுகட்டினார். கண்டுபிடிக்கும் வேலை அப்பாவிடம் வந்தது.

அன்று சாயங்காலமே கணக்கரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் உள்ளறையில் இருந்தேன். கதவு மூடவில்லை.

"சார், உங்க காதுக்கு எட்டலியா? உலைல கீறானே, அவன் பையன். கேரியர் பையன். உங்க ஊட்டாண்ட வந்து டெய்லி மணி அட்ச்சினு போறான்" என்றார் கணக்கர்.

அவர் மனைவி இடைமறித்தார். "நானே பாத்தேன் சார். இன்னிக்கு டீக்கடையாண்ட ஜீப்பு நின்னுகினு இருந்துச்சு. இவன் மணி அட்ச்சான். உடனே ஜீப்பு கெளம்பிச்சு. இத்த வுட இன்னா வோணும்? அப்பன் உள்ள இருந்து சொல்றான், புள்ள வெளிய அடிக்கறான்."

"எங்க வீட்டாண்ட எதுக்கு அடிக்கணும்?" இது அம்மா.

"டைம் ஆபீஸ் ஊடுன்னு தெரிஞ்சிதாம்மா. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க இல்ல? காலனிப் பசங்களுக்கு இந்தச் சாமர்த்தியம் ஜாஸ்தி."

அப்பா எழுந்து அவர்களை வாசல் வரை கொண்டுபோய் விட்டார். அவர்கள் போன பிறகு அம்மாவிடம், "அவங்க அப்பன் அனுப்பித்தான் இந்தப் பய நம்ம வீட்டுப் பக்கம் சுத்திருக்கான்" என்றார். அம்மா, "வேலைய விட்டு எடுத்துருவாங்களாங்க?" என்று கேட்டாள். "வேற என்ன செய்வாங்க?"

உலைக்காரரை நான் ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். கேட்டுக்கு வெளியே குந்தியிருந்து, கேரியரின் அடித்தட்டிலிருந்து கூழை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். புருவ மயிர் பொசுங்கியிருந்தது. அந்த மனிதரின் வேலை என் வீட்டுக் கொடியால் போகப்போகிறது.

மறுநாள் காலை அப்பா சவரம் செய்துகொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அப்பா, அந்த மணி ஜீப்புக்கு இல்ல. புகை வரப்போகுதுன்னு சொல்றதுக்கு. நான் துணி எடுக்குறதுக்கு."

கண்ணாடியில் அவர் கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. "எத்தன நாளா?"

"வந்த வாரத்திலேர்ந்து."

சவரக் கத்தியைத் தண்ணீரில் அலசினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். நான் எத்தனையோ அதிகாரிகளையும் அரசியல்வாதிகளையும் கேள்வி கேட்டிருக்கிறேன். இவ்வளவு சரியான இடத்தில் விழுந்த கேள்வி ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை.

"துணிக்கா, உனக்கா?"

துணிக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சோதித்துப் பார்த்திருந்தேனே. ஒரு மனிதரின் வேலைக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன், சாட்சி பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். "எனக்குத்தான்" என்றேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. அது உண்மை.

"சரி. போ" என்றார் அப்பா.

அன்று மாலை வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஏறினார். மஞ்சள் கயிற்றின் முடிச்சுகளை அவிழ்த்து, முழங்கையில் சுற்றி, கீழே கொண்டுவந்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டார். அம்மாவுக்குப் புரியவில்லை. "வெயில் கொட்டிக் கெடக்கு, கொடிய ஏங்க அவுத்தீங்க?"

"கரி விழுது. இனிமே உள்ளயே காயட்டும்."

வந்த நாளிலிருந்து விழுந்துகொண்டிருந்த கரி.

அடுத்த இரண்டொரு நாளில் உலைக்காரரின் டோக்கனை கேட்டிலேயே வாங்கிக்கொண்டு வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தகவல் சொன்ன குற்றம். எழுதிக் கொடுத்தவர் அப்பா. மனிதர் கத்தவில்லையாம். "நான் இன்னா சார் பண்ணேன், நாஷ்டா துன்னது தப்பா?" என்று கேட்டாராம். கணக்கரின் மனைவி இதை எங்கள் வீட்டில் வந்து நடித்துக் காட்டிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டார்.

அப்பா என்னை நம்பவில்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன். பதினைந்து வயதுப் பெண் சொன்னதைவிடக் கணக்கரின் மனைவி சொன்னது பெரிதாகப் போயிற்று. அந்தக் கோபம் எனக்குப் பல வருஷங்கள் உதவியது. நான் சொல்வதை மற்றவர்கள் நம்பியே ஆகவேண்டிய ஒரு வேலையைத் தேடிப் போனது அதனால்தானோ என்னவோ.

உலைக்காரர் வீட்டார் எல்லை தாண்டி ஆந்திரா பக்கம் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தடாவில் ஏதோ கம்பெனியில் ஆள் எடுப்பதாகப் பேச்சு. போகும் நாள் யாருக்கும் தெரியாது. ஒருநாள் காலை நான் உள்ளறையில் ஈரத் துணிகளை நாற்காலி முதுகுகளில் விரித்துக்கொண்டிருந்தேன். ஆலையில் உலை அணைந்து கிடந்தது; ஏதோ பழுது, மூன்று நாளாகப் புகையே இல்லை.

டொணக்.

ஓடினேன். மாடியில் கொடி இல்லை, துணி இல்லை. வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. கீழே அவன் போய்க்கொண்டிருந்தான். பின் கேரியரில் பாய்ச்சுருள், அதன்மேல் கவிழ்த்துக் கட்டிய அலுமினியக் குண்டான். நின்று பார்க்கவில்லை. திரும்பவுமில்லை. தகவல் சொல்ல அவனுக்கு எதுவும் இல்லை. டைம் ஆபீஸ் வீட்டைச் சுற்றி ஆகவேண்டிய காரியமும் இல்லை. புகையில்லாத வானத்துக்கு ஒரு மணி அடித்துவிட்டுப் போனான்.

இதற்குப் பிறகு வெகுகாலம் கழித்துத் திருவள்ளூரில் எனக்குச் செய்தியாளர் வேலை. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்க வருபவர்களிடம் பேச்சுக் கொடுப்பது வழக்கம். ஒருநாள் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். சொந்த நிலம், நெல் சாகுபடி. புகையைப் பற்றித்தான் மனு.

"இப்ப ஆரம்பிச்சதாம்மா இது?" என்றார். "அந்தக் காலத்துல எங்க நவரை நெல்லு அத்தினியும் கறுத்துப் போச்சு. வியாபாரி கையில எடுத்துப் பாத்துட்டு வாணாம்னுட்டான். நாங்க நாலு பேரு மெட்ராசுக்குப் போயி, ஆபீசருங்க கால்ல வுழாத கொறையா ஜீப்ப இட்டுகினு வந்தோம்."

நான் கேட்டேன்: "எப்போ புகை விடுவாங்கன்னு உங்களுக்கு உள்ள இருந்து யாரு சொன்னாங்க?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உள்ள இருந்தா? வரப்புல நின்னா தெரியாதா? காலிக் கேரியரு திரும்பிப் போச்சுன்னா புகை வரும்னு எங்க ஊர்ல மாடு மேய்க்கறவனுக்கும் தெரியுமே. ஆபீசருங்கதான் டீ குடிக்காம வரமாட்டேன்னு பேஜாரு பண்ணாங்க. டீயக் குடிச்சிட்டுப் போனோம்."

வானத்தில் நாலு ஊருக்குத் தெரியும்படி எழுந்த புகையைக் காட்டிக்கொடுத்தவன் யார் என்று ஒரு ஆலையே உட்கார்ந்து தேடியிருக்கிறது.

அப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. என்னோடு திருவள்ளூரில்தான் இருக்கிறார். காது நன்றாகக் கேட்கிறது, கேட்காததுபோல் இருக்கவும் தெரியும். அம்மா போன பிறகு தம் வெள்ளை வேட்டிக்குத் தாமே நீலம் போட்டுக்கொள்கிறார். பெரியவர் சொன்னதை அவரிடம் வெகுநாள் நான் சொல்லவே இல்லை. போன மாதம் பழைய டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது அடியில் அந்த மஞ்சள் கயிறு கிடந்தது. வெளுத்து, முறுக்கு விட்டு, தொட்டால் தூள் தூளாக உதிர்ந்தது. எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப எல்லாரும் அவனைத்தான் சொன்னாங்க" என்றார்.

"நான் வேற சொன்னேனே."

"சின்னப்புள்ள நீ. உன் பேச்ச வச்சு நான் என்ன முடிவெடுக்க முடியும்?"

"நம்பலையா?"

"நம்பல."

"அப்புறம் கொடிய ஏன் அவுத்தீங்க?"

கயிற்றையே பார்த்தார். அந்தக் காலத்தில் உறைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கண்கள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு" என்றார்.

அன்று அம்மாவிடம் சொன்ன காரணம் கரி. இன்று மழை. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் கொடியை அவிழ்த்தது கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த வாரம். கும்மிடிப்பூண்டியில் அந்த மாதம் வானத்திலிருந்து விழுந்தது ஒன்றே ஒன்றுதான். அது வரும் முன் எனக்குச் சொல்ல ஒருவன் இருந்தான்.